வாயிலே வைக்கப்பட்ட பாட்டு

வேதபாடம்
வாசிக்க: உபாகமம் 31:19-22; எண்ணாகமம் 12; எரேமியா 38:1-13; அப்போஸ்தலர் 13:1-3



எழுப்புதல் என்று பேச ஆரம்பித்தாலே நம் வாயில் முதலில் வருவது "அசூசா வீதி" என்ற பெயர். பிரசங்கத்திலே சொல்லுகிறோம். உபவாச ஜெபத்திலே, "ஆண்டவரே, அசூசாவிலே ஊற்றினதை இங்கேயும் ஊற்றும்" என்று முழங்காலில் நின்று கண்ணீரோடு கேட்கிறோம். ஆனால் அங்கே கர்த்தர் எழுப்பின ஊழியக்காரர் யார்? வாலிபர் வகுப்பிலே இதைக் கேட்டேன். "யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை, அங்கிள்" என்று ஒரு தம்பி சொன்னான்.

துரை இல்லை, தம்பி. அடிமைகளாய் இருந்து விடுதலையான தாய் தகப்பனுக்குப் பிறந்த ஒரு கறுப்பு மனிதர். பெரியம்மை வந்து ஒரு கண் பார்வையை இழந்தவர். பெயர் வில்லியம் சீமோர்.

நாம் சொல்லிக்கொடுத்த விதம் அப்படி. வீதியின் பெயரைச் சொன்னோம், ஆளுடைய பெயரை விட்டுவிட்டோம். இப்போது நம் வாலிபர்கள் சபை ஆண்டுவிழாவிலே இந்தச் சரித்திரத்தைப் பாட்டு நாடகமாகச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். மூப்பர்களில் சிலருக்கு நாடகம் என்ற வார்த்தையே கசப்பு. "சினிமா, கூத்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க நாங்க. சபைக்குள்ள மேடை கட்டி வேஷம் போடணுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பதில் தேடுகிறதற்கு முன்பு நாடகத்திலே சொல்லப்போகிற சரித்திரம் இன்னதென்று தெரிய வேண்டும்.

கதவுக்கு வெளியே ஒரு மாணவர்

வில்லியம் ஜோசப் சீமோர் 1870-ம் ஆண்டு மே 2-ந் தேதி லூசியானா மாநிலத்தில் சென்டர்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்து 5 வருஷம்கூட ஆகாத காலம் அது. வாலிபத்தில் வேலை தேடி ஊர் ஊராய்ப் போனார், ஓட்டலில் பரிமாறுகிற வேலையும் செய்தார். பிறகு பரிசுத்த ஜீவியத்தைப் பிரசங்கிக்கிற ஊழியரானார்.

டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரத்திலே லூசி பேரோ என்ற ஒரு கறுப்பினத் தாயார் சிறிய சபை ஒன்றை நடத்திவந்தார்கள். அடிமையாய்ப் பிறந்தவர்கள். அந்தத் தாயார் மூலமாகத்தான் சீமோருக்கு சார்லஸ் பார்ஹாம் என்ற வெள்ளை ஊழியர் நடத்தின வேதாகமப் பள்ளியைப் பற்றித் தெரிந்தது. பரிசுத்த ஆவியின் அபிஷேகத்திற்கு அந்நியபாஷையே அடையாளம் என்று பார்ஹாம் அங்கே போதித்துவந்தார். 1906 ஜனவரியில் சீமோர் போய், "எனக்கும் இடம் கொடுங்கள்" என்று கேட்டார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் உட்காரக் கூடாது என்பது அந்த மாநிலத்து ஏற்பாடு. ஆகவே வகுப்பு உள்ளே நடந்தது, சீமோர் வெளியே நடையிலே உட்கார்ந்து, சற்றே திறந்திருந்த கதவு வழியாகக் கேட்டார்.

பிரியமானவர்களே, இந்த இடத்தை வேகமாக வாசித்துக் கடந்துவிடாதீர்கள். உள்ளே போதிக்கப்பட்டது பெந்தெகொஸ்தே நாளைப் பற்றின பாடம். மாம்சமான யாவர்மேலும் ஆவியை ஊற்றுவேன் என்ற வாக்குத்தத்தம் உள்ள அதே பாடம். அதைக் கேட்க ஒரு மனிதர் கதவுக்கு வெளியே உட்கார வேண்டியிருந்தது.

பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கறுப்பினச் சபை ஒன்று அவரை அழைத்தது. போனார், அப்போஸ்தலர் 2:4-ஐ எடுத்துப் பிரசங்கித்தார். அடுத்த ஆராதனைக்கு வந்தபோது சபைக் கதவிலே பூட்டு தொங்கியது. இந்த முறை பூட்டினவர்கள் அவருடைய சொந்த ஜனங்கள், காரணம் உபதேசம். ஒரு வருஷத்திற்குள் இரண்டு கதவுகள்! அவர் சண்டை போடவில்லை. சாதாரண வேலை செய்து பிழைத்த விசுவாசிகளின் வீடுகளில் ஜெபக்கூட்டம் தொடங்கினார். பானி பிரே வீதியில் ரிச்சர்ட், ரூத் ஆஸ்பெரி தம்பதியர் வீட்டிலே 1906 ஏப்ரல் 9-ந் தேதி ஆவியானவர் இறங்கினார். ஜென்னி மூர் என்ற சகோதரி அன்றைக்கு அந்நியபாஷையிலே பாடினார்கள், ஒருபோதும் கற்றுக்கொள்ளாத பியானோவை வாசித்தார்கள் என்று சாட்சி சொல்லப்படுகிறது. இந்தச் சகோதரியையே சீமோர் பின்னாளில், 1908-ல், மணந்தார்.

கூட்டம் பெருகி வீடு கொள்ளவில்லை. அசூசா வீதி 312-ம் எண்ணில் ஒரு பழைய மரக் கட்டிடம், ஏறக்குறைய 40 அடிக்கு 60 அடி. முன்பு கறுப்பின மெதடிஸ்தரின் ஆலயமாய் இருந்தது, பிறகு குதிரை கட்டவும் சாமான் போடவும் பயன்பட்டது. அதைக் கூட்டிப் பெருக்கி, பெட்டிகள் மேலே பலகை போட்டு உட்கார்ந்தார்கள். செருப்புப் பெட்டிகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்ததுதான் பிரசங்க மேடை. சீமோர் அந்தப் பெட்டிக்குள்ளே தலையை வைத்து ஜெபித்துக்கொண்டே இருப்பார் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆரம்பத்திலே வாத்தியம் கிடையாது, பாட்டுப் புத்தகம் கிடையாது. மனப்பாடமாய்த் தெரிந்ததைப் பாடினார்கள், ஆவியிலே பாடினார்கள்.

அங்கே கறுப்பர், வெள்ளையர், மெக்சிக்கர் எல்லாரும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். வெள்ளைக்கார ஊழியர்கள் கறுப்புச் சகோதரிகள் தங்கள் தலைமேல் கைவைத்து ஜெபிக்கும்படி முழங்காலிட்டார்கள். அந்தத் தேசத்தில், அந்த வருஷத்தில், இது எப்பேர்ப்பட்ட காரியம் என்று யோசித்துப் பாருங்கள். தென் மாநிலங்களிலே கறுப்பரை மரத்தில் தூக்கிக் கொன்றுகொண்டிருந்த நாட்கள் அவை. பார்ஹாம் 1906 அக்டோபரில் அங்கே வந்தபோது அந்தக் கலப்பைக் கண்டு அருவருத்தார், நிற இழிவு தொனிக்கப் பேசினார். மூப்பர்கள் அவரை ஏற்கவில்லை. கதவுக்கு வெளியே உட்கார வைத்தவர் இப்போது வெளியே நின்றார்.

அசூசாவிலிருந்து சாட்சி உலகமெங்கும் போனது. லூசி பேரோ அம்மா ஆப்பிரிக்காவில் லைபீரியாவுக்குப் போனார்கள். கார் தம்பதியர் கல்கத்தாவுக்கு வந்தார்கள். தென்னிந்தியாவுக்கும் அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் வந்தார்கள். 1913-ல் பெங்களூருக்கு வந்த ராபர்ட் குக் அந்த வழியில் வந்த ஊழியர்தான். (எல்லாமே அசூசாவிலிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை. பண்டித ரமாபாய் அம்மாளின் முக்தி மிஷனிலே 1905-ல் எழுப்புதல் வந்தது. அதற்கும் முன்னே, 1860-லேயே, திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழ் ஊழியரின் நாட்களில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டன. அதையும் நாம் மறந்துதான் இருக்கிறோம். அது தனிப் பாடம்.)

பெயர் எப்படி மறைந்தது?

சீமோர் நடத்தின "அப்போஸ்தல விசுவாசம்" என்ற செய்தித்தாள் 1906 செப்டம்பரில் தொடங்கி, ஒரு கட்டத்தில் 50,000 பிரதிகள்வரை போனது. 1908-ல் அந்தப் பத்திரிகையும் வாசகர் முகவரிப் பட்டியலும் போர்ட்லாந்து நகரத்து வேறொரு ஊழியத்தாரின் கைக்குப் போய்விட்டன. பத்திரிகை நடத்துகிறவர்களுக்குத்தான் இதன் வலி தெரியும். முகவரிப் பட்டியல் போனால் பேச வாய் இல்லை என்று அர்த்தம். வெள்ளை விசுவாசிகள் பிரிந்து தங்கள் தனி ஸ்தாபனங்களை உண்டாக்கினார்கள். 1922 செப்டம்பர் 28-ந் தேதி சீமோர் மரித்தார். ஜென்னி அம்மா சிலகாலம் சபையை நடத்தினார்கள். 1931-ல் கட்டிடத்தை இடித்துப்போட்டார்கள். பிற்பாடு சரித்திரம் எழுதினவர்களில் பலர் பார்ஹாமைத் தகப்பன் என்றார்கள், சீமோருக்கு ஒரு வரி, இரண்டு வரி.

நிறத்தைப் பற்றி வேதம் என்ன சொல்லுகிறது? எண்ணாகமம் 12-ஐ எடுங்கள். மோசே எத்தியோப்பிய ஸ்திரீயை விவாகம்பண்ணினதால் மிரியாமும் ஆரோனும் முறுமுறுத்தார்கள். கர்த்தர் கோபங்கொண்டார். மிரியாம் உறைந்த மழையைப்போல வெண்மையாகும்படி குஷ்டம் பிடித்தது. கறுப்பைக் குறைசொன்னவளுக்கு வெள்ளை நோய்! எரேமியா 38-ல் தீர்க்கதரிசியைச் சேற்றுத் துரவிலிருந்து தூக்கிவிட்டவன் எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியன். ராஜாவின் பிரபுக்களில் ஒருவனும் அசையவில்லை. கயிறு அக்குளை அறுக்காதபடி கந்தைத் துணிகளைக்கூட யோசித்து இறக்கினவன் அவன். அந்தியோகியா சபையின் போதகர்களைச் சொல்லும்போது அப்போஸ்தலர் 13:1 நீகர் என்னப்பட்ட சிமியோனின் பெயரை மறைக்காமல் எழுதுகிறது. நீகர் என்றால் கறுப்பர். பவுல் மேல் கைவைத்து அனுப்பின கூட்டத்தில் அவரும் உண்டு. பரிசுத்த ஆவியானவர் எழுதுவித்த சரித்திரத்தில் பெயர் இருக்கிறது. மனுஷன் எழுதின சரித்திரத்தில்தான் காணாமற்போகிறது.

எழுத்து இல்லாதவர்களின் புஸ்தகம்

இப்போது உபாகமம் 31-க்கு வருவோம். மோசே மரிக்கப்போகிறார். நியாயப்பிரமாணத்தை எழுதிப் பெட்டியண்டையிலே வைக்கச் சொன்னாயிற்று. அது போதாதென்று கர்த்தர் ஒரு பாட்டை எழுதி, இஸ்ரவேலருக்குப் படிப்பித்து, அதை அவர்கள் வாயிலே வைக்கச் சொல்லுகிறார். ஏன்? பெட்டியிலே இருக்கிறது பெட்டியிலேயே இருந்துவிடும். வாயிலே இருக்கிறது பிள்ளைகளின் வாய்க்குப் போகும். மறக்கப்படாத சாட்சி என்று 21-ம் வசனம் அதைத்தான் சொல்லுகிறது.

அமெரிக்காவின் கறுப்பின ஜனங்களுக்கு இது எழுத்துக்கு எழுத்து நடந்தது. அடிமைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதே தென் மாநிலங்கள் பலவற்றில் சட்டப்படி குற்றம். புஸ்தகம் இல்லை. பாட்டிலே மோசேயைப் பாடினார்கள், எரிகோவைப் பாடினார்கள், தங்கள் எஜமானைப் பார்வோன் என்று சொல்லாமல் சொல்லிப் பாடினார்கள். அவர்களுடைய சரித்திரம் பாட்டிலேதான் உயிரோடிருந்தது.

அந்தப் பாட்டு மேடைக்கு ஏறினபோது ஒரு பெரிய தடை இருந்தது. அதுவரைக்கும் அமெரிக்க மேடையிலே கறுப்பர் என்றால் கேலிக்கூத்து. வெள்ளை நடிகர்கள் எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பரை முட்டாள்களாகவும் சோம்பேறிகளாகவும் ஆடிப் பாடிக் காட்டுவார்கள். 1830-களில் அப்படி ஒருவர் ஆடின பாத்திரத்தின் பெயர் "ஜிம் குரோ". பிற்பாடு கறுப்பரைத் தனியாக உட்கார வைத்த சட்டங்களுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. சீமோரைக் கதவுக்கு வெளியே வைத்தது ஜிம் குரோ. மேடையிலே பிறந்த இழிவு அது.

அதே மேடையிலேதான் பதிலும் வந்தது. லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற கறுப்பினக் கவிஞர் "பிளாக் நேட்டிவிட்டி" என்ற பாட்டு நாடகத்தை எழுதினார். 1961 டிசம்பர் 11-ல் நியூயார்க்கில் அரங்கேறியது. நடத்தினது வினெட் கேரல் என்ற கறுப்பினப் பெண்மணி. முதல் பாகம் இயேசுவின் பிறப்பு. மரியாளும் யோசேப்பும் கறுப்பர், இடம் கொடுக்காத சத்திரத்துக்காரன் கதவைச் சாத்துகிற காட்சியைக் கறுப்பினத்தார் பார்த்தபோது யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை! இரண்டாம் பாகம்தான் நமக்கு முக்கியம். அது ஒரு ஆராதனை. கைதட்டல், சாட்சி, பிரசங்கம், பாட்டு, எல்லாம் நம் கூட்டம் மாதிரியே. சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட் என்ற கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபைகளில் பாடி வளர்ந்த மயாமி நகரத்து மரியன் வில்லியம்ஸ் அதிலே முக்கியமாய்ப் பாடினார்கள். அந்தச் சபையின் ஸ்தாபகர் சார்லஸ் மேசன் 1907-ல் அசூசாவுக்குப் போய் அபிஷேகம் பெற்றுத் திரும்பினவர். அப்படியானால் பாருங்கள்: புத்தகத்திலே இரண்டு வரியாய்க் குறைக்கப்பட்ட அசூசா, 55 வருஷம் கழித்து பாட்டாய் நியூயார்க் மேடையில் நின்றது. 1962-ல் இத்தாலிக்கும் லண்டனுக்கும் போனது. பாஸ்டன் நகரத்திலே எல்மா லூயிஸ் என்ற ஆசிரியை தொடங்கின கலை நிலையத்தார் 1970 முதல் அதைக் கிறிஸ்மஸ்தோறும் நடத்தும் வழக்கத்தை உண்டாக்கினார்கள். சிறுபிள்ளைகளாய் அதிலே பாடினவர்கள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வாயிலே வைப்பது என்றால் இப்படித்தான்.

ஹியூஸைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் நம்மைப்போன்ற விசுவாசி அல்ல. 13 வயது ஆகப்போகிற பையனாய் இருந்தபோது அவரை வளர்த்த அத்தை ஒரு எழுப்புதல் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து முன்னே போய்விட்டார்கள். இவர் ஒருவர் மட்டும், இயேசு வருவார், பார்க்கலாம் என்று உண்மையாய்க் காத்திருந்தார். சபை முழுதும் அழுது நெருக்கினது. நேரமாகிறதே என்று கடைசியில் எழுந்து நின்று பொய்யாய் ஒப்புக்கொண்டார். அன்று ராத்திரி படுக்கையில் அழுதார். அத்தையோ, இரட்சிக்கப்பட்ட சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்தார்கள். இதை அவரே தம்முடைய வாழ்க்கைச் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். அழைப்பு கொடுக்கிற ஊழியர்கள் இதை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். அப்படிப்பட்டவரும் அந்த ஜனங்களின் பாட்டை விட்டு விலக முடியவில்லை.

1964 ஜனவரியில் அவருடைய "ஜெரிகோ ஜிம் குரோ" வந்தது. பெயரிலேயே பிரசங்கம் இருக்கிறது: ஜிம் குரோ சட்டம்தான் எரிகோ மதில். அடிமைத்தனம் தொடங்கி, தங்கள் உரிமைக்காக ஜெயிலுக்குப் போன வாலிபர்கள் வரைக்கும், முழுச் சரித்திரமும் பாட்டாலே சொல்லப்பட்டது. நடந்த இடம் எது தெரியுமா? நியூயார்க்கிலே ஒரு பிரஸ்பிட்டேரியன் ஆலயக் கட்டிடம். அந்தக் கட்டிடத்தில் யூதர்களும் தங்கள் ஜெப ஆலயத்தை வைத்திருந்தார்கள். அதே வருஷம் ஜூலை 2-ந் தேதி, நிற வேற்றுமையைப் பொது இடங்களில் தடைசெய்யும் சட்டம் கையெழுத்தானது. நாடகத்தாலே சட்டம் வந்தது என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பேர் இரத்தம் சிந்தினார்கள். ஆனால் ஊர்வலம் போனவர்கள் பாடிக்கொண்டேதான் போனார்கள்.

சவப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பாட்டு ஒத்திகை

இன்னொரு பெந்தெகொஸ்தே சகோதரியைச் சொல்லாமல் விட மனதில்லை. ரொசெட்டா தார்ப். 1915-ல் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர்கள். தாயார் கேட்டி பெல், மேசனின் சபையைச் சேர்ந்த ஊழியக்காரி. 6 வயதிலேயே தாயோடு கூட்டங்களில் கிட்டார் வாசித்துப் பாடத் தொடங்கிய பிள்ளை. சிக்காகோவிலே அவர்கள் போன சபைக்குப் பிற்பாடு ராபர்ட்ஸ் டெம்பிள் என்று பெயர். மிசிசிப்பியிலே கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் அடக்க ஆராதனை 1955-ல் நடந்தது அந்தப் பெந்தெகொஸ்தே ஆலயத்தில்தான். உலகம் பார்க்கட்டும் என்று தாயார் பெட்டியை மூடவிடவில்லை.

ரொசெட்டா 1938-ல் இராக்கேளிக்கை விடுதியிலும் பாடப் போனார்கள். சபையார் மனம் நொந்தார்கள். நானும் அந்த முடிவைப் புகழமாட்டேன். ஆனாலும் அவர்கள் கிட்டார் வாசித்த விதத்தைக் கேட்டுத்தான் பின்னால் வந்த உலகப் பாட்டுக்காரர்கள் பலர் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குப் பேரும் பணமும் வந்தது. 1973-ல் ரொசெட்டா மரித்தபோது கல்லறையில் ஒரு கல்கூட இல்லை. ஏறக்குறைய 35 வருஷம் அப்படியே கிடந்தது.

அவர்களைப் பற்றி ஜார்ஜ் பிராண்ட் எழுதின "மேரி அண்ட் ரொசெட்டா" என்ற பாட்டு நாடகம் 2016-ல் நியூயார்க்கில் நடந்தது. 1946-ம் ஆண்டு, மிசிசிப்பி. ரொசெட்டாவும் மேரி நைட் என்ற இளம் பாடகியும் ஒரு சவ அடக்கக் கடையின் அறையில், சவப்பெட்டிகளுக்கு நடுவே ஒத்திகை பார்க்கிறார்கள். ராத்திரி படுக்கையும் அங்கேதான். கேட்க ஆயிரம் பேர் வருவார்கள், ஆனால் கறுப்பருக்கு ஓட்டலில் அறை கிடையாது. இதை ஒரு பிரசங்கத்தில் அரைமணி நேரம் விளக்கலாம். மேடையில் ஒரு சவப்பெட்டியும் ஒரு கிட்டாரும் இருந்தால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

பெரியவர்களின் கேள்விக்கு

நாடகம் சபைக்குள் வரலாமா? கர்த்தர் எசேக்கியேலை ஒரு செங்கல்லை எடுத்து எருசலேமை வரைந்து முற்றிக்கை போட்டுக் காட்டச் சொன்னார் (4-ம் அதிகாரம்). அகபு பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகளையும் கால்களையும் கட்டிக்காட்டினான். பஸ்காவே வருஷந்தோறும் வீட்டில் செய்து காட்டப்படுகிற சரித்திரம். பிள்ளைகள் இதென்ன என்று கேட்பார்கள், அப்போது சொல்லு என்று யாத்திராகமம் 12-ல் இருக்கிறது. நம் தமிழ்ச் சபையிலும் இது புதிது அல்ல. ஏறக்குறைய 200 வருஷத்துக்கு முன்பே தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் குறவஞ்சி என்ற நாடக வகையை எடுத்து "பெத்லகேம் குறவஞ்சி" பாடினார். சுவிசேஷகக் கவிராயர் என்று நாம் கனப்படுத்துகிறவர் அவர்.

ஆனாலும் பெரியவரின் பயத்தில் ஒரு உண்மை இருக்கிறது. கைதட்டல் ஆளுக்குப் போய்விடும் என்ற பயம். சீமோர் பெட்டிக்குள் முகத்தை மறைத்தவர். அவரைப் பற்றின நாடகத்தில் ஒரு தம்பி தன் முகத்தைக் காட்டுவதற்காக நடித்தால் அது அவருக்கே அவமானம். ஆகவே என் யோசனை, நடிப்பைக் குறைத்துப் பாட்டைக் கூட்டுங்கள். ஒருவர் சரித்திரத்தை வாசிக்கட்டும், பாடகர் குழு மட்டும் பாடாமல் சபை முழுவதும் சேர்ந்து பாடட்டும். நடுவிலே ஆவியானவர் ஜெபத்துக்கு ஏவினால் நாடகத்தை நிறுத்திவிட்டு ஜெபியுங்கள். மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

வாலிபர்களுக்கு ஒன்று கண்டிப்பாய்ச் சொல்லுகிறேன்: யாரும் முகத்தில் கறுப்பு மை பூசக் கூடாது. சுருட்டை முடித் தொப்பியும் வேண்டாம். மேலே எழுதினேனே, கரி பூசின கேலிக்கூத்து, அது அந்த ஜனங்களுக்கு ஆறாத புண். நம் தம்பிமார் இருக்கிற நிறமே போதும்! முகப் பவுடரைக் கொஞ்சம் குறைத்தால் சரி. சகோதரிகளின் பாகத்தையும் வெட்டாதீர்கள். லூசி பேரோ, ஜென்னி மூர், ரூத் ஆஸ்பெரி இல்லாமல் அசூசா இல்லை.

முதல் காட்சி கதவுக் காட்சியாய் இருக்கட்டும். ஒரு நாற்காலி, பாதி திறந்த கதவு, உள்ளே வேதபாடம். அதைப் பார்க்கும்போது, அமெரிக்காவிலே எவ்வளவு அநியாயம் என்று நாம் உச்சுக்கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. ஞானஸ்நானம் எடுத்து, அபிஷேகம் பெற்று, அந்நியபாஷை பேசி, பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது மட்டும், "அவங்க என்ன ஆளுங்க?" என்று மெதுவாய் விசாரிக்கிறோமே. அது என்ன கதவு? அதற்கு வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? இதை நாடகத்தில் யாரும் வசனமாய்ப் பேச வேண்டாம். கதவு மட்டும் மேடையில் கடைசிவரை நிற்கட்டும்.

முடிவுக் காட்சிக்கு 1994-ஐ எடுத்துக்கொள்ளலாம். அந்த வருஷம் அக்டோபரில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்திலே வெள்ளைப் பெந்தெகொஸ்தே தலைவர்களும் கறுப்பினப் பெந்தெகொஸ்தே தலைவர்களும் கூடினார்கள். 1948-ல் வெள்ளையர் மட்டும் சேர்ந்து அமைத்த ஐக்கியத்தைக் கலைத்தார்கள், எல்லாரும் சேர்ந்த புதிய ஐக்கியத்தை உண்டாக்கினார்கள். கூட்டத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் போதகர் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வந்து, மேசனின் சபையைச் சேர்ந்த கறுப்பினப் பேராயர் ஒருவரின் கால்களைக் கழுவி மன்னிப்புக் கேட்டார். சீமோர் மரித்து 72 வருஷம் ஆகியிருந்தது. இதை நடிக்கும்போது வசனம் ஒன்றும் வேண்டாம், தண்ணீர்ச் சத்தம் போதும்.

ஒத்திகை சனிக்கிழமை வாலிபர் ஜெபம் முடிந்தபிறகு. பாட விரும்புகிற பெரியவர்களும் வரலாம். இந்தக் காரியத்தில் மனம் ஒப்பாத பெரியவர்கள் முக்கியமாய் வரவேண்டும், உட்கார்ந்து பார்த்துத் திருத்த வேண்டியதைத் திருத்துங்கள். வீட்டு ஜெபக்குழுத் தலைவர்கள் எண்ணாகமம் 12-ஐயும் எரேமியா 38-ஐயும் குழுவில் சத்தமாய் வாசித்துவிட்டு வரவும்.